‘முன்’ படத்தில் இருப்பவளின் அம்மா எழுதுவது

விருத்தாசலம்,
மார்ச் 9, ஞாயிறு காலை.

பெருமதிப்பிற்குரிய நீலாவதி அண்ணி அவர்களுக்கு, தங்கள் தம்பி தேவநாதனின் மனைவி அன்பரசி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் சுகம், அங்கே அனைவரின் சுகத்தையும் தெரியப்படுத்தவும் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். பொய்யோடு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே உங்கள் தம்பி சுகம். அவர் எப்போதும் சுகம். இன்று காலைகூட இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டார். நானும் மதிவதனியும் சுகமாக இல்லை, அதற்குக் காரணம் தாங்கள். தங்கள் முழங்கால் வலியும் பேரனுடைய காதுப் புண்ணும் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை இதோடு முடிந்தது.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் உங்களிடம் யாராவது இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி முடித்ததாக நம் குடும்பத்தில் வரலாறு இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் படிக்காமலே கும்பிடும் கை ஒன்றையும் ரோஜாப்பூ ஒன்றையும் அனுப்பிவிட்டுப் போவீர்கள். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் பதிவுத்தபால். ஒப்புகை அட்டையும் வைக்கிறேன், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும். பதினேழு வருடமாக செராமிக் கம்பெனி அலுவலகத்தில் ஆர்டர் சீட்டு எழுதுகிறவள் நான். எதுவும் எழுத்தில் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை. அந்த எழுத்தே என் கழுத்தைப் பிடித்த கதையும் இதில் வருகிறது, பொறுமையாகப் படியுங்கள்.

தை மாதம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் உங்கள் பேரனுக்குக் காது குத்தினீர்கள். அங்கிருந்து தொடங்குகிறேன். மதி அன்று அவளே துணி எடுத்து, அவளே வெட்டி, அவளே தைத்த நீளச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் கைத்தறியில் கருநீலக் குறுக்குக்கோடு, ஒவ்வொரு கோடும் நாலு விரல் அகலம். ஃபேஷன் டிசைன் கடைசி வருடம் படிக்கிற பெண், இருபது வயது, தனக்கென்று முதன்முதலாகத் தைத்துக்கொண்ட உடுப்பு அது. பந்தியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, நீங்கள் மோர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, இதற்காகவே வைத்துவிட்டு, "ஏ பாப்பா, இங்க திரும்பு. என்னாடி இது, பந்தல்ல கட்டியிருந்த படுதாவ அவுத்துப் போட்டுகிட்டு வந்துட்டியா?" என்றீர்கள். நாற்பது பேரும் சிரித்தார்கள். உங்கள் தம்பியும் சிரித்தார், எதற்கென்று அவருக்குத் தெரியாது, எல்லோரும் சிரித்தால் அவரும் சிரிப்பார். மதி சாம்பார்ச் சோற்றிலிருந்து தலையைத் தூக்கி, "ஆமா அத்தை, படுதாதான். வெயிலா இருக்குது, நீங்களும் வந்து நெழல்ல நில்லுங்க" என்றாள். இந்தமுறை நாற்பது பேரும் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள், உங்கள் சம்பந்தி அம்மாள் உட்பட. அதுதான் உங்களுக்குப் பொறுக்கவில்லை. "வாய் மட்டும் நல்லா வேல செய்யிது. டிசைனருன்னா ஆளப் பாத்தாலே தெரியணும் பாப்பா. மொதல்ல உன்ன வெட்டித் தச்சிக்க, அப்புறமா துணிய வெட்டலாம்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்த நடையாகப் போனீர்கள். அவள் இலைக்கு மோர் ஊற்றவில்லை. நான் கவனித்தேன்.

என்னையும் கவனித்தேன். உங்களை விட்டுவிட்டு மதியின் காதருகே குனிந்து, "அப்பவே சொன்னேன்ல, குறுக்குக்கோடு வேணாம்னு" என்றேன். இதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். முதலில் உங்களை முடிக்கிறேன்.

மூன்றாம் நாள் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வந்தது. ஆறு மாதமாக நீங்கள் டப்பா டப்பாவாக விற்கிற அந்த இளைக்கும் பொடிக்கு விளம்பரம். இடப்பக்கம் ஒரு படம், மேலே சிவப்பில் ‘முன்’. வலப்பக்கம் ஒரு படம், மேலே பச்சையில் ‘பின்’. கீழே ‘தொண்ணூறே நாளில்! அணுகவும்: நீலாவதி’. ‘பின்’னில் நின்ற பெண் யாரென்று எனக்குத் தெரியாது, ஏதோ வெளிநாட்டுக் கடற்கரை, பின்னால் பாய்மரப் படகு. ‘முன்’னில் இருந்தவள் என் மகள். காதுகுத்துப் பந்தியில், வாயில் பாதி அப்பளத்தோடு. விருத்தாசலத்துப் பெண் தொண்ணூறு நாள் பொடி குடித்தால் இளைப்பதோடு நிற்காமல் வெள்ளைக்காரியாகவும் ஆகிவிடுவாள் என்று நெய்வேலி டவுன்ஷிப்பில் எத்தனை பேர் நம்பினார்களோ தெரியாது. நான் போன் செய்தபோது, "கண்ணுல பட்ட போட்டு மறைச்சிதான அன்பு போட்டிருக்கேன், யாருன்னு யாருக்குத் தெரியப்போவுது?" என்றீர்கள். கண்ணை மறைத்தீர்கள் அண்ணி, சட்டையை மறைத்தீர்களா? மஞ்சளில் நாலு விரல் கருநீலக்கோடு இந்தக் கடலூர் மாவட்டத்தில் வேறு யாரிடம் இருக்கிறது? மதியின் வகுப்பில் படிக்கிற மங்கலம்பேட்டைப் பெண்ணின் அம்மா உங்கள் வாடிக்கையாளர். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகப் போய்விடும் என்று உங்கள் தம்பி எனக்கு ஆறுதல் சொன்னார். போகும், நீங்கள் மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி போடாமல் இருந்தால். ஐந்து வாரமாகப் பால் பாக்கெட்டோடு சேர்ந்து என் மகளும் தினம் காலை வந்துகொண்டிருக்கிறாள்.

இதனால் நடந்ததைச் சொல்கிறேன். வருகிற 22ஆம் தேதி சனிக்கிழமை புதுச்சேரியில் அவள் கல்லூரியின் கடைசி வருட நிகழ்ச்சி. ஆளுக்கு இரண்டு உடுப்பு தைக்க வேண்டும். ஒன்று தனக்குப் பிடித்தவர் யாருக்காவது, இன்னொன்று தன் வீட்டுப் பெண் ஒருத்திக்கு. அவர்களை அணியவைத்து மேடையில் நடக்கவிட வேண்டும். மதி முதலாவதைத் தானே போட்டுக்கொண்டு தானே நடக்கப்போவதாக டிசம்பரிலேயே எழுதிக்கொடுத்திருந்தாள். மூன்று வருடத்தில் அவளைப்போல உடம்புள்ள ஒரு பெண்ணும் அந்த மேடையில் நடந்ததில்லையாம், "நான் நடந்துட்டுத்தான் வெளிய வருவேன்" என்று என்னிடம் சொன்னவள். உங்கள் ஸ்டேட்டஸுக்குப் பிறகு அதை வகுப்பில் படிக்கும் குச்சிபோன்ற ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். தையல் மெஷினுக்கு உறை போட்டாள். நீங்கள் உங்கள் தம்பி மூலமாகக் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திறந்து சோற்றுக்குப் பதில் பொடியைக் குடித்தாள். நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ்ஸுக்கு நின்றபோது தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பூக்கடைக்காரம்மா சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார். உங்கள் தம்பி, "அக்கா நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கும், அளவு கூடப் போட்டுக் கலக்கியிருப்பா" என்றார்.

இதில் என் வயிற்றை எரிக்கிற இன்னொன்று இருக்கிறது. பொடி விற்க ஆரம்பித்த நாளிலிருந்து ரகசியமாக மதிக்கு ரவிக்கை மூட்டை அனுப்புகிறீர்களே, "ரெண்டு பக்கமும் தையலப் பிரிச்சி வுட்டுக்குடு பாப்பா, ஒங்கம்மாகிட்டக்கூட சொல்லாத" என்று. அவள் சொல்லவில்லை. பந்தியில் படுதா என்று நீங்கள் அவளைக் கூப்பிட்டபோது அவள் ஒரே ஒரு எண்ணைச் சொல்லியிருந்தால் போதும், சம்பந்தி முன்னால் நீங்கள் மோர் வாளியில் முகத்தை வைத்திருப்பீர்கள். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கும், "அளவு நோட்ட யாருக்கும் காட்டக் கூடாதும்மா, அது டைலருக்கு மரியாத இல்ல" என்றாள். எனக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. பொங்கலுக்கு வந்த மூட்டையை அப்போதே நான் பிரித்து டேப் வைத்துப் பார்த்திருந்தேன். உங்கள் அளவு ▇▇▇▇ அங்குலம். நாற்பது பேருக்கும் போன் போட்டுச் சொல்லத் தெரியாதவள் இல்லை நான்.

இனி என் கதை. பொடியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த பெண்ணைப் பார்க்கச் சகிக்காமல், அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசித்தேன். அவர்கள் கல்லூரியில் துணியைச் சுற்றி அளவு பார்க்கிற தையல் பொம்மை எட்டு இருக்கிறது, எட்டுக்கும் ஒரே இடுப்பு, அது அவள் தொடையளவு. கடையிலும் அப்படித்தான். சரி, ஊரே பொம்மை செய்கிற ஊர், நான் பொம்மை செய்கிற கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறேன், என் மகளின் உடம்புக்கு ஒரு பொம்மை செய்ய முடியாதா என்று அச்சுப் பிரிவு சாமிக்கண்ணு மாஸ்டரிடம் போனேன். நாற்பது வருடமாகப் பொம்மை அச்சு எடுக்கிறவர். "அளவு குடுங்க மேடம், பிளாஸ்டர்ல ஊத்திடலாம். கழுத்துலேருந்து தொடை வரைக்கும் போதும்ல?" என்றார். அலுவலகத்துக்கு வந்து வழக்கம்போல ஆர்டர் சீட்டை எடுத்து அளவை எழுதினேன்.

மதியின் இடுப்பு முப்பத்தெட்டு. அதைத்தான் எழுதப் போனேன். பேனா மூன்று எழுதியது, பிறகு நின்றது. அந்தச் சீட்டு அச்சுப் பிரிவில் ஆணியில் தொங்கும், எட்டு ஆண்கள் பார்ப்பார்கள், பெயர் இடத்தில் ‘மேடம் பொண்ணு’ என்று இருக்கும். முப்பத்துநாலு என்று எழுதினேன். மார்பிலும் தொடையிலும் அதே விகிதத்தில் குறைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. மனதில் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன், கொஞ்சம் சின்னதாக இருந்தால் அவளுக்கும் ஒரு ஊக்கமாக இருக்கும் என்று. இதுதான் உங்கள் பொடி டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் வாசகம் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சூளையில் வேகும்போது மண் சுருங்கும், எங்கள் மண் நூற்றுக்குப் பன்னிரண்டு சுருங்கும். அதனால் சீட்டில் நான் எந்த அளவு எழுதினாலும் அச்சுப் பிரிவில் பன்னிரண்டு கூட்டித்தான் அச்சு எடுப்பார்கள். அகல்விளக்கோ, பிள்ளையாரோ, ஃபியூஸ் கேரியரோ, எதுவானாலும். ஆனால் இது சூளைக்குப் போகாத பொம்மை, வெறும் பிளாஸ்டர், காய்ந்தால் போதும், ஒரு நூல்கூடச் சுருங்காது. மாஸ்டருக்கு அது தெரியும். கைக்குத் தெரியவில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் அது தானாகக் கூட்டிவிட்டது.

மார்ச் முதல் தேதி பொம்மை வீட்டுக்கு வந்தது. தூசி படாமல் மஞ்சள் துணி சுற்றி, லோடு ஆட்டோவில் நிற்கவைத்துக் கயிறு கட்டி, பக்கத்தில் மாஸ்டர் பிடித்துக்கொண்டு நிற்க, ஜங்ஷன் ரோட்டில் அது வந்த அழகை நான் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்து பார்த்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எந்தக் கோயிலுக்குங்க அம்மன்?" என்று ஒருத்தர் கேட்டார். "வூட்டுக் கோயிலுக்கு" என்றார் மாஸ்டர். "தலையக் காணமே?" "தலை பின்னால வருது" என்று மாஸ்டர் என்னைக் கைகாட்டினார். ஒரு அம்மாள் ஒரு முழம் கதம்பத்தை, பொம்மை கழுத்து வரைதான் இருந்தது, அந்தக் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனார். யோசித்துப் பாருங்கள் அண்ணி. அதே மார்பு, அதே இடுப்பு, அதே தொடை. பந்தியில் படுதா, ஸ்டேட்டஸில் ‘முன்’, லோடு ஆட்டோவில் அம்மன். அம்மனுக்கு யாரும் பொடி கொடுக்கவில்லை.

மதி கதம்பத்தை எடுத்துவிட்டு டேப்பைச் சுற்றினாள். ஒருமுறை பார்த்தாள், மறுமுறை சுற்றினாள். "அம்மா! முப்பத்தெட்டு! அப்படியே நானு!" என்று கத்தி, பொம்மையைக் கட்டிப்பிடித்து, பிறகு என்னைக் கட்டிப்பிடித்தாள். நாலு வாரத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டேன். "பயந்துகிட்டே இருந்தேம்மா, நீ எங்கயாவது கொறைச்சி எழுதிக் குடுத்துடுவியோன்னு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உன் அளவு எனக்குத் தெரியாதா" என்றேன். வெட்கம் கெட்டவள், முகத்தைப் பெருமையாக வேறு வைத்துக்கொண்டேன்.

ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம் அந்தப் பெருமை நிலைத்தது. டீ குடித்தவர் சாமிக்கண்ணு மாஸ்டர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அது எப்பிடி பாப்பா முப்பத்தெட்டு காட்டும்? அம்மா முப்பத்துநாலுன்னுல்ல எழுதியிருக்காங்க" என்று சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். பிறகு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "ஐயையோ, சூளை பொம்மன்னு நெனச்சி பன்னெண்டு பர்சென்ட்டு கூட்டிட்டேன் மேடம்! முப்பத்துநாலுக்கு நாலு. அதான் முப்பத்தெட்டு. மன்னிச்சிக்குங்க, ஒடைச்சிட்டு வேற ஊத்தித் தரேன்." அந்த மனிதர் தன் தப்புக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தப்பு செய்ததால்தான் பொம்மை சரியாக வந்தது. மதி சீட்டை வாங்கி என் கையெழுத்தைப் பார்த்தாள். அழவில்லை. நாலாக மடித்து என் கையில் வைத்தாள். "ஒடைக்க வேணாம் மாஸ்டர், இதுதான் சரி" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அத்தையாச்சும் நேரா சொன்னாங்க" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்டு நாள் ஆகிறது. பொம்மை கூடத்தில் போர்வை போர்த்தி நிற்கிறது. என்னிடம் உப்பு எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சில்லை.

எனக்கு உங்கள்மேல் வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத இந்தத் தாள் தாங்காது. நீங்கள் ஆரம்பித்ததுதானே இவ்வளவும் என்று வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக் கொளஞ்சியப்பருக்கு உங்கள்மேல் பிராது கட்டப் போனேன். இந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாத வழக்கெல்லாம் அவரிடம்தான் போகும், குறையைத் தாளில் எழுதிக் கட்டிவிட்டால் மூன்று மாதத்துக்குள் சாமி விசாரித்துவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். மண்டபத்தில் உட்கார்ந்து உங்கள் பெயர், கணவர் பெயர், நெய்வேலி முகவரி எல்லாம் தெளிவாக எழுதினேன். பக்கத்தில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் தன் மோட்டார் பம்பைத் திருடியவன்மேல் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டு, "உங்குளுக்கு என்னாம்மா தொலைஞ்சிது?" என்று கேட்டார். யோசிக்காமல் "நாலு இஞ்ச்" என்று வாயில் வந்துவிட்டது. "நாலு இஞ்சா? பக்கத்து மனைக்காரன் சொவுரத் தள்ளிக் கட்டிட்டானா?" என்றார். "இல்லிங்க, நானேதான் எடுத்தேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்ப நீங்களே குடுத்துடுங்க, அதுக்குப் போயி சாமிய எதுக்கு இழுக்கிறீங்க" என்று தன் தாளை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார்.

நான் வரிசைக்குப் போகவில்லை. எதிரி என்ற இடத்தில் உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுத வேண்டியிருந்தது, எழுதினால் மேலே எழுத வேண்டியிருந்தது. உங்களுக்கு ஒரு காதுகுத்து நாள், ஐந்து வார ஸ்டேட்டஸ். எனக்குப் பத்து வருடம். பத்து வயதிலிருந்து அவளுக்கு நான் எடுத்துத் தந்த துணியெல்லாம் நீளக்கோடு, நீளக்கோடு போட்டால் ஒல்லியாகத் தெரியும் என்று. அவளுடைய பள்ளிக்கூடப் படங்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால் வருடாவருடம் ஒரே பெண் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்ப்பதுபோல இருக்கிறது. என் படங்களோ இன்னும் மோசம். கல்யாண ஆல்பத்துக்குப் பிறகு என் முழு உருவம் எந்தப் படத்திலும் கிடையாது, யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் போய்ப் பாதியாக நிற்பேன். பெரும்பாலும் உங்கள் தோள்தான், அகலமாக இருப்பதால். நீங்கள் ஒரு பிறவிக் குணமாகப் பேசிவிட்டுப் போனீர்கள். படித்தவள், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, மகளுக்குப் பொம்மை செய்துதரக் கிளம்பியவள், நான் சீட்டில் குறைத்து எழுதினேன். அவள் இடுப்பு முப்பத்தெட்டு. மேலேயும் எழுதினேன், இப்போது மறுபடியும் எழுதிவிட்டேன். கை ஒன்றும் ஒடிந்துபோகவில்லை.

ஆனால் நான் குற்றவாளி என்பதால் நீங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. கொளஞ்சியப்பர் மூன்று மாதம் எடுத்துக்கொள்வார், எனக்கு 22ஆம் தேதிக்குள் வேண்டும். ஆகவே அவருக்கு எழுதியதை நிறுத்திவிட்டு நேராக உங்களுக்கே எழுதுகிறேன். அந்தப் படத்தை இந்தக் கடிதம் கிடைத்த நிமிடமே எடுக்க வேண்டும், ‘முன்’ வேண்டுமானால் உங்கள் படத்தைப் போடுங்கள், ‘பின்’னுக்கு அவசரமில்லை, காத்திருப்போம். இனி ரவிக்கை மூட்டை இந்த வீட்டு வாசலுக்கு வரக் கூடாது. உங்கள் டப்பாவில் மதி பட்டன் போட்டு வைத்திருக்கிறாள், அந்த ஒரு உபயோகத்துக்கு நன்றி. மிக முக்கியமானது, 22ஆம் தேதி புதுச்சேரிக்கு நீங்கள் வரவே கூடாது. அழைப்பிதழில் உங்கள் பெயரை மதிதான் எழுதினாள், அது காதுகுத்துக்கு முன்பு. அவள் நடப்பாளா, அந்தக் குச்சிப் பெண்தான் நடக்குமா, எனக்குத் தெரியாது, கேட்கும் தகுதியும் எனக்கு இப்போது இல்லை. ஒருவேளை நடந்தால், அந்த அரங்கில் நீங்கள் இருக்கக் கூடாது. வந்தால் நெய்வேலி பஸ்ஸில் நானே திருப்பி ஏற்றிவிடுவேன். உங்கள் தம்பி தடுத்தால் அவரையும் ஏற்றிவிடுவேன்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். பேரன் நூறாண்டு நல்ல காதும், அதில் நல்ல வார்த்தைகள் விழும் பாக்கியமுமாக இருக்கட்டும். புண்ணுக்கு வேப்பெண்ணெய் வையுங்கள், பொடி வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
கோபத்துடனும், வேறு வழியில்லாத உறவுடனும்,
தே. அன்பரசி.

பி.கு.: கவர் வாங்க நான் கடைக்குப் போய்வருவதற்குள் மேசைமேல் இருந்த இந்தக் கடிதத்தை மதி முழுக்கப் படித்துவிட்டாள். கேட் அருகே வரும்போதே மெஷின் சத்தம் கேட்டது. பொம்மையின் போர்வை கீழே கிடந்தது.

மேலே ஓரிடத்தில் கறுப்பு மையால் அடித்திருப்பது நானில்லை. "கஸ்டமர் அளவ வெளிய சொல்லக் கூடாதும்மா, எத்தினி வாட்டி சொல்றது?" என்று திட்டிக்கொண்டே அவள்தான் அடித்தாள். அவளுடைய முப்பத்தெட்டு பல இடத்தில் இருக்கிறது, அதை அடிக்கவில்லை. அதையும் அடித்துவிடட்டுமா என்று நானே கேட்டேன். "இருக்கட்டும், அது என் அளவுதான" என்றாள். குச்சிப் பெண்ணுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லி மெசேஜ் போட்டுவிட்டாளாம். காதுகுத்துக்குப் போட்ட அதே மஞ்சள் சட்டையைப் பொம்மைமேல் மாட்டி மேடைக்குத் திருத்திக்கொண்டு, அதில் அவளே நடக்கிறாள்.

இரண்டாவது உடுப்பு, வீட்டுப் பெண்ணுக்கு, அது எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்காம். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. ஏன் என்று கேட்டதற்கு, "நீ மேடையிலயும் யார் தோளுக்காச்சும் பின்னால போய் நின்னுடுவ. அத்தை மோர் வாளியத் தூக்கிட்டு நடந்தாங்க பாத்தியா, என்னா நடை அது! எனக்கு அந்த நடை வேணும். மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கப் போறாங்க, அதெல்லாம் ஒண்ணும் இல்லன்னு சேத்து எழுது" என்றாள். சேர்த்து எழுதிவிட்டேன்.

ஆகவே மேலே வரக் கூடாது என்று இருக்கும் இடங்களிலெல்லாம் தயவுசெய்து வரவும் என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். படத்தை எடுக்கச் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது. அளவு அவளிடம் இருக்கிறது. 22ஆம் தேதி வரை நீங்கள் அந்தப் பொடியைத் தொடவே வேண்டாம், காலை நடையையும் நிறுத்திவையுங்கள் என்கிறாள். துணி வெட்டியாகிவிட்டது. குறுக்குக்கோடு.